ஊர் திரும்பினோம்

மாலைப் பொழுதில் பறவைகள் தத்தம் கூடு நோக்கிப் பறக்கின்றன. மேயச் சென்ற ஆக்கள் கன்றை நினைந்து தொழுவம் திரும்புகின்றன. பிழைப்பின் பொருட்டு நகரம் சென்ற மனிதனும் தான் பிறந்த ஊரை மறப்பதில்லை. "வேலை முடிந்தபின் ஊருக்கே போய்விடுவேன்; அங்கே வீடு இருக்கிறது, கொஞ்சம் நிலமும் இருக்கிறது" என்று பெரியவர்கள் பலர் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆயினும், எண்ணியவர் எல்லாரும் திரும்புவதில்லை. திரும்பியவர் எல்லாரும் நிலைப்பதில்லை. அது ஏன்? அவ்வாறு திரும்பிய ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கூறினால் விடை விளங்கும். அக்குடும்பம் என் குடும்பமே.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். மண் செம்மண். ஆறு பாயாத அவ்வூருக்கு மழையும் குளமும் கிணறுமே உயிர். அங்கே எங்கள் பாட்டனார் விட்டுச் சென்ற ஓட்டு வீடு ஒன்றும், அதைச் சுற்றி 40 சென்ட் நிலமும், ஒரு கிணறும் இருந்தன. என் தந்தையாரும் பெரியப்பாவும் இளமையிலேயே சென்னைக்குச் சென்றுவிட்டனர். பாட்டியார் மறைந்தபின் வீடு 12 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. தந்தையார் கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், 2017-ஆம் ஆண்டு சூன் மாதம் நாங்கள் ஊர் திரும்பினோம்.

நாங்கள் திரும்பிய காலம் நல்ல காலம் அன்று. முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய், 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் தாக்குண்டவை என்று அரசு அறிவித்திருந்தது. குளம் வெடித்துக் கிடந்தது. வீட்டைச் சுற்றிச் சீமைக் கருவேலம் சுவர்போல் வளர்ந்து நின்றது. ஓடுகள் சரிந்திருந்தன. கிணற்றில் நீர் இல்லை; சருகும் சேறுமே இருந்தன. அந்நேரத்தில் ஒருவர் வீட்டையும் நிலத்தையும் சேர்த்து விலைக்குக் கேட்டார். பெரியப்பாவும் "தம்பி, இதைக் கட்டி அழுவதில் என்ன பயன்? விற்றுப் பங்கிட்டுக் கொள்வோம்" என்றார். தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்கு 2 ஆண்டு தாருங்கள், அண்ணே. அதற்குள் இந்த நிலம் நம்மை ஏற்கவில்லை என்றால் நீங்கள் சொன்னபடியே செய்வோம்" என்றார். அவ்வாறே முடிவாயிற்று.

முதற்பணி கருவேலத்தை அகற்றுவது. அதை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை நின்றால் மீண்டும் துளிர்த்துவிடும். ஆதலால், வேரோடு தோண்டி எடுத்தோம். வெட்டிய கட்டைகள் ஓராண்டு விறகாயின.

அடுத்தது கிணறு. தெருவிலிருந்த இளைஞர் நால்வர் மகிழ்ச்சியோடு துணைக்கு வந்தனர். ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க முற்பட்டார். அப்பொழுது அடுத்த வீட்டு மூதாட்டியார் கோலூன்றி அங்கு வந்தார். ஊரார் அனைவரும் அவரை அப்பத்தா என்றே அழைப்பர். "நில், தம்பி! விளக்கை இறக்கிப் பார்த்தாயா?" என்று கேட்டார். இளைஞர்கள் நகைத்தனர். அப்பத்தா நகைக்கவில்லை. தம் வீட்டு அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கொணரச் செய்து, கயிற்றில் கட்டிக் கிணற்றினுள் இறக்கச் சொன்னார். விளக்கு 20 அடிவரை நன்றாக எரிந்தது. 30 அடி சென்றதும் சுடர் சுருங்கியது. பின்பு அணைந்தே போயிற்று. எல்லாரும் வாயடைத்து நின்றோம். "விளக்குக்குக் கிடைக்காத மூச்சு உனக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும், தம்பி?" என்று அப்பத்தா கேட்டார்.

மாணவர்களே, இதன் காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். பாழ்ங்கிணற்றில் சருகும் குப்பையும் மட்கும்பொழுது உயிர்வளி குறைகின்றது; கரியமிலவாயு பெருகுகின்றது. அவ்வாயு காற்றினும் கனமானது. ஆதலின் கிணற்றின் அடியிலேயே தேங்கி நிற்கும். அதனுள் இறங்கியவன் சில நொடிகளில் மயங்கி விழுவான். அவனை மீட்க இறங்குபவனும் விழுவான். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராய் உயிர் இழந்த செய்திகளை இன்றும் நாளிதழ்களில் காண்கிறோம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது உறுதி. ஆனால், விளக்கு எரிவதனாலேயே அச்சமின்றி இறங்கலாம் என்று கொள்ளுதல் தவறு. நச்சு வாயுக்கள் சிலவற்றை விளக்குக் காட்டாது; எரியும் வாயு இருந்தால் விளக்கே கேடாகவும் முடியும். ஆதலின், கருவி உடையவரையும் தீயணைப்புத் துறையினரையும் கேட்டறிந்தே செயற்படல் வேண்டும். நாங்களும் அவ்வாறே கேட்டறிந்து, காற்றூதும் பொறியைக் கொணர்ந்து நல்ல காற்றை உட்செலுத்தி, கருவியால் சோதித்த பின்னரே தூர் வாரத் தொடங்கினோம். அன்று அந்த மூதாட்டியார் வந்திராவிட்டால் எங்கள் ஊர் வாழ்வு ஒரு சாவோடு தொடங்கியிருக்கும். ஊர் திரும்பியவன் முதலில் கற்க வேண்டியது, ஊரில் இருப்பவர் சொல்லைக் கேட்பதே என்பதை அன்று உணர்ந்தோம்.

தூர் வாரிய கிணற்றுக்கு நீர் வேண்டுமே! அதைக் கூரை தந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஒரு லிட்டர். எங்கள் கூரையின் பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீட்டர். ஆகவே, 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர் நீர் கூரையிலிருந்து இறங்கும். ஓராண்டில் 800 மில்லிமீட்டர் பெய்தால் 80,000 லிட்டர் ஆகும். சிதறுவதும் ஆவியாவதும் போக எஞ்சுவதும் சிறிதன்று. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களில் மழைநீர் சேமிப்புக் கட்டாயம் ஆக்கப்பட்டது. நாங்கள் கூரையின் விளிம்பில் தகரக் கால்வாய் அமைத்து, கூழாங்கல், மணல், கரி ஆகியவை அடுக்கிய தொட்டியின் வழியே நீரைக் கிணற்றில் விட்டோம். தூசியைக் கழுவி வரும் முதல் மழை நீரை மட்டும் வெளியே விடுவோம். அவ்வாண்டின் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்தது. 12 ஆண்டுகளுக்குப் பின் எங்கள் கிணற்றில் வானம் தெரிந்தது.

நீருக்கு அடுத்தது மண். தந்தையார் நிலத்தில் ஆறிடங்களில் அரையடி ஆழத்திற்கு மண் எடுத்து, ஒன்றாய்க் கலந்து, நான்காய்ப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, எஞ்சியதை மீண்டும் அவ்வாறே பகுத்து, அரைக் கிலோ அளவாக்கிச் சோதனைக்கு அனுப்பினார். மண்ணின் நிலையைக் குறித்து உழவர்க்கு அட்டை வழங்கும் திட்டம் 2015-இல் நாடெங்கும் தொடங்கப்பட்டது. எங்களுக்குக் கிடைத்த அட்டை, மண்ணில் மட்கிய பொருள் மிகக் குறைவு என்று காட்டியது. பசித்திருக்கும் மண் பயிருக்கு எதைக் கொடுக்கும்? ஆதலால், நிலம் முழுவதும் சணப்பு விதைத்தோம். அது பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45-ஆம் நாளில், மடக்கி உழுதோம். சணப்பின் வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவன. விலை கொடுத்து வாங்காத உரம் அது.

இதுவரை நாங்கள் செய்தவை எல்லாம் சரியே. பிழை இதற்குப் பின் நிகழ்ந்தது. கணக்கராய் இருந்த தந்தையார் இரண்டு ஆண்டுக் கெடுவை மறக்கவில்லை. விரைவில் பெரும் பணம் ஈட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. அடுத்த நிலத்தார் தம் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் தர இசைந்தார். 2018-ஆம் ஆண்டு தை மாதத்தில், 25 சென்ட் நிலத்தில் 300 பூவன் வாழைக் கன்றுகளை நட்டார். அதைக் கண்ட அப்பத்தா, "வீட்டுக்கு வேண்டியதை முதலில் வை, தம்பி, சந்தைக்கு வேண்டியதைப் பிறகு வைக்கலாம்" என்றார். "வாழை விற்ற பணத்தில் வீட்டுக்கு வேண்டியதை வாங்கலாமே, அப்பத்தா" என்றார் தந்தையார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

என் அன்னையார் மட்டும் அடுக்களைக்குப் பின்னே 3 சென்ட் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் கீரைப் பாத்தி, கத்தரி, வெண்டை, பந்தலில் பீர்க்கு, ஓரத்தில் மரவள்ளி, மர நிழலில் சேனைக்கிழங்கு என அமைத்தார். விதைகளை அப்பத்தாவே கொடுத்தார். கத்தரி விதையைச் சாம்பலில் கலந்து உலர்த்துவதும், அவரை விதையைக் கலயத்தில் இட்டு மூடுவதும் அவரிடமே கற்றுக்கொண்டார். 7 கோழிகளும் ஒரு வெள்ளாடும் வந்து சேர்ந்தன. தந்தையார் தம் கணக்கேட்டில் வாழைக்குத் தனிப்பக்கம் ஒதுக்கினார். அன்னையாரின் 3 சென்ட்டுக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை.

வாழைகள் செழித்தன, குலை தள்ளின. இன்னும் ஒரு திங்களில் வெட்டலாம் என்றிருந்த வேளையில், 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் வீசிய காற்று எங்கள் ஊரையும் சூறையாடிற்று. அவ்விரவின் ஓசை இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. அப்பத்தாவின் வீட்டுக் கூரை பறந்தது. அவரைத் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் அமர்த்தினோம். கோழிகளைப் பஞ்சாரத்தோடு உள்ளே கொணர்ந்தோம். ஆடு எங்கள் காலடியில் நடுங்கி நின்றது.

விடிந்தபின் வெளியே வந்தோம். 300 வாழைகளில் ஒன்றும் நிற்கவில்லை. ஊரார் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அன்று வீழ்ந்த தென்னைகள் கணக்கற்றவை. தந்தையார் வாழைத் தோட்டத்தின் வரப்பில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். கணக்கேட்டில் வாழைக்கென ஒதுக்கிய பக்கத்தில் இனி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

அன்று பகல் அடுப்பில் என்ன ஏற்றுவது? சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்தமையால் கடைக்குப் பொருள் வரவில்லை. அன்னையார் தம் 3 சென்ட்டுக்குச் சென்றார். மரவள்ளித் தண்டுகள் ஒடிந்திருந்தன. கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாய் இருந்தது. சேனையும் அவ்வாறே. கிழங்குகளைத் தோண்டி அவித்தார். அப்பத்தாவும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடு உண்டனர். மின்கம்பங்கள் வீழ்ந்தமையால் பல நாள் மின்சாரம் இல்லை. நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் நீர் இருந்தும் ஆழ்குழாய்க் கிணறுகள் ஊமையாய் நின்றன. அப்பொழுது, தெரு முழுவதும் குடங்களோடு எங்கள் கிணற்றைத் தேடி வந்தது. கயிறும் வாளியும் போதுமே! முந்திய ஆண்டு தூர் வாரத் துணை நின்ற அதே இளைஞர்கள் முறை வைத்து நீர் இறைத்துக் கொடுத்தனர். குடிப்பதற்கு நீரைக் காய்ச்சிக் கொண்டோம்.

ஒரு திங்களில் அன்னையார் தூவிய சிறுகீரை பறிப்புக்கு வந்தது. ஒடிந்த முருங்கை அடிமரத்தில் துளிர் விட்டது. கலயத்திலிருந்த விதைகள் புதிய பாத்திகளுக்குச் சென்றன. ஒரு நாள் மாலை தந்தையார் கணக்கேட்டை எடுத்தார். புதிய பக்கத்தின் தலைப்பில் 'அடுக்களைத் தோட்டம்' என்று எழுதினார்.

அதன்பின் எங்கள் நிலத்தின் அமைப்பே மாறியது. வேலி நெடுகக் கிளுவையும் அகத்தியும் நட்டோம். கிளுவை காவலாயிற்று, அகத்தி ஆட்டுக்குத் தழையாயிற்று. குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் சென்று சேரும் இடத்தில் ஆறு வாழைகள் மட்டும் வைத்தோம். தென்னை இரண்டு, பலா ஒன்று, எலுமிச்சை, கறிவேப்பிலை, பப்பாளி என மரங்கள் பலவாயின. 10 சென்ட்டில் உளுந்து விதைத்தோம். எங்கள் ஊருக்கு அணித்தாயுள்ள வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கு உருவான உளுந்து வகைகள் அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகின்றன. உளுந்து 70 நாள் அளவில் விளைந்து வீட்டுக்குப் பருப்பும், ஆட்டுக்குப் பொட்டும், மண்ணுக்குத் தழைச்சத்தும் தந்தது. ஆட்டுப் புழுக்கையும் கோழி எச்சமும் சருகும் சாம்பலும் எருக்குழிக்குச் சென்றன. மட்கிய எரு பாத்திக்குச் சென்றது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாயிற்று.

கால்நடை வளர்ப்பும் கற்றே செய்ய வேண்டிய தொழில். கோழி 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். ஆடு ஏறத்தாழ 150 நாள் சினை சுமக்கும். கோழிக்கு வெள்ளைக் கழிச்சலும் ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோயும் வந்தால் ஒரு வாரத்தில் கொட்டில் வெறுமையாகிவிடும். உரிய காலத்தில் தடுப்பூசி இடுவதே காப்பு. அப்பத்தாவின் அனுபவ அறிவும் கால்நடை மருத்துவரின் நூலறிவும் எங்களுக்கு இரு கண்களாயின.

ஒரு செய்தி தந்தையாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. புயலில் தென்னைகள் சாய்ந்த இடங்களிலும் பனைகள் பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றன. ஆகவே, நிலத்தின் எல்லை நெடுகப் பனை வளர்க்க முடிவு செய்தார். பனை பயன்தர 15 ஆண்டும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். "நீங்கள் எப்பொழுது நுங்கு தின்பது?" என்று நான் கேட்டேன். "நான் தின்ற நுங்கு யார் வைத்தது?" என்று அவர் என்னைக் கேட்டார்.

2019-ஆம் ஆண்டு சூன் மாதம் வந்தது. இரண்டாண்டுக் கெடு முடிந்தது. சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற கோடை அது. பெரியப்பா ஊருக்கு வந்தார். வந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்தார். முழங்கால் அளவு நீர் இருந்தது. தந்தையார் கணக்கேட்டை அவர் முன் வைத்தார். அதில் எதையும் மறைக்கவில்லை. வாழையில் ஏற்பட்ட இழப்பால் மொத்தத்தில் நட்டமே இருந்தது. ஓய்வூதியம் இல்லாவிடில் அந்த ஆண்டைக் கடந்திருக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் கூறினார். பெரியப்பா ஏட்டை மூடிவிட்டு உணவுக்கு அமர்ந்தார். முருங்கைக்கீரைப் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, உளுந்து வடை, முட்டை ஆகியவை இலையில் இருந்தன. அரிசி, உப்பு, எண்ணெய், புளி போன்ற சிலவே கடையில் வாங்கியவை. உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்தவரிடம், "அண்ணே, கெடு முடிந்தது. தங்கள் முடிவு என்ன?" என்று தந்தையார் கேட்டார். பெரியப்பா வேலி ஓரத்தைப் பார்த்தவாறே, "பனங்கொட்டை எப்பொழுது கிடைக்கும்?" என்றார். "ஆவணியில் கிடைக்கும்." "அப்படியானால் ஆவணியில் வருகிறேன். என் பங்குக்கும் பத்துக் கொட்டை எடுத்து வை."

வீடு விற்கப்படவில்லை.

40 சென்ட் நிலம் ஒரு குடும்பத்தின் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றும் என்று எண்ணிவிடாதீர்கள். துணியும் மருந்தும் கல்வியும் அதில் விளைவதில்லை. கையில் ஓரளவு வருவாய் இன்றி ஊர் திரும்புவோர் துன்புறுவர். சிறு நிலம் தருவது பெருஞ்செல்வம் அன்று. பிற வழிகள் அடைபட்ட நாளிலும் அடுப்பு எரியும் என்ற உறுதியே அது தருவது. அவ்வுறுதியும் ஒரே பயிரை நம்பியவர்க்குக் கிட்டுவதில்லை. சிறிய அளவில், பலவகையாக, பொறுமையோடு அமைத்தவர்க்கே கிட்டுகின்றது.

ஊர் திரும்புதல் என்பது மீண்டும் மாணவராதல் ஆகும். ஏடு கற்றவன் மண்ணிடமும், மழையிடமும், ஊரில் வாழும் முதியோரிடமும் பணிந்து கற்க வேண்டும். அவ்வாறு கற்றவனை ஊர் ஏற்றுக்கொள்ளும். மாணவர்களே, உங்கள் வீட்டு முற்றம் சிறிதாயினும் அதில் ஒரு முருங்கையோ ஒரு கீரைப் பாத்தியோ அமையுங்கள். அதன் விதையை ஒரு கலயத்தில் காத்து வையுங்கள். எங்கள் எல்லையில் நட்ட பனைகள் இன்னும் நுங்கு தரவில்லை. ஆயினும், அவற்றின் குருத்தோலைகள் ஆண்டுதோறும் விரிந்து வருகின்றன.